மேட் இன் ஜப்பான்: இதில் ஒட்டு வேலை உண்டா, இல்லையா?

கேசட்காரன் | வெள்ளி இரவு 9.40

நேற்று தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒலிப்பதிவு படிக்கிற பையன். நான் இங்கிலாந்து ராக் குழு டீப் பர்ப்பிளின் மேடைக் கச்சேரிப் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ‘ஹைவே ஸ்டார்’ முடியும்வரை பொறுமையாக இருந்தவன், “மாமா, லைவ் ஆல்பம்னு உலகத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. கச்சேரி முடிஞ்சதும் ஸ்டூடியோவுக்குப் போய், தப்பா வாசிச்சதையெல்லாம் திரும்ப வாசிச்சு ஒட்டிடுவாங்க” என்றான். எனக்குக் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

இந்த ஆல்பத்துக்கும் எனக்கும் உள்ள கணக்கு கொஞ்சம் பழையது. 1986இல், இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தரும் கடை ஒன்றில் கொடுத்து வாங்கினேன். கையில் இருந்த காசுக்கு அறுபது நிமிட கேசட்தான் கிடைத்தது. ஆல்பமோ எழுபத்தாறு நிமிடம். கடைக்காரர் எதையும் கழிக்கவில்லை, சுருக்கவும் இல்லை. டேப் எங்கே தீர்ந்ததோ அங்கே விட்டுவிட்டார். முதல் பக்கத்தில் ‘தி மியூல்’ பாட்டில் டிரம்ஸ் தனியாக வேகமெடுக்கிற நேரத்தில் ‘டக்’. இரண்டாம் பக்கத்தில் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நட்ட நடுவில் ‘டக்’. பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு சிடி வாங்கி முழுசாகக் கேட்டபோதும், அந்த இடம் வந்ததும் கை தானாகக் கேசட்டைத் திருப்பப் போனது.

சரி, கேள்வி இதுதான். இதில் ஒட்டு உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பையன் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறான்.


ஸ்டூடியோகட்சி | வெள்ளி இரவு 9.58

பையன் கெட்டிக்காரன், சார். அவனோடு சண்டை போடாதீர்கள்.

எழுபதுகளின் லைவ் ஆல்பங்களில் பாதிக்கு மேல் நம்ப முடியாது. 1975இல் வந்த கிஸ் குழுவின் ‘அலைவ்!’ எப்படித் தயாரானது என்பது ஊரறிந்த கதை. அதில் பின்னால் நிறையச் சேர்த்தார்கள் என்பதைத் தயாரிப்பாளர் எடி கிரேமரே ஒப்புக்கொண்டார். தின் லிஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ 1978. பெரும்பகுதி ஸ்டூடியோவில் திரும்பப் பதிந்தது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்ல, குழுவினர் இல்லவே இல்லை என்று மறுக்க, அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. டீப் பர்ப்பிள் மட்டும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகளா?

எனக்கு எப்படியும் ஸ்டூடியோ பதிவுதான் பிடிக்கும். இவர்களுடைய ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிகிறது. ஜப்பானில் அதே பாட்டை இழுத்து இழுத்து... போகட்டும், நான் வாயைத் திறந்தால் அடி விழும்.


எட்டுத்தடம் | வெள்ளி இரவு 11.15

நான் முப்பது வருடமாக மேடைக் கச்சேரிகளைப் பதிவு செய்கிறவன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஆல்பம் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். இவர்களுக்கு லைவ் ஆல்பம் போடும் ஆசையே இல்லை. கேட்டது ஜப்பானில் இருந்த வார்னர் கம்பெனிக்காரர்கள், அதுவும் ஜப்பானில் மட்டும் விற்க. 1972 ஆகஸ்டில் மூன்று கச்சேரி: 15, 16 தேதிகளில் ஒசாகா, 17இல் டோக்கியோ புடோகான் அரங்கம். குழு நிபந்தனை போட்டது. எங்கள் ஆள்தான் பதிவு செய்வார், கேட்டுப் பிடித்தால்தான் வெளியே விடுவோம். அந்த ‘எங்கள் ஆள்’ மார்ட்டின் பர்ச். ‘இன் ராக்’, ‘ஃபயர்பால்’, ‘மெஷின் ஹெட்’ மூன்றிலும் ஒலிப்பதிவுப் பொறுப்பு இவருடையது. பின்னாளில் அயர்ன் மெய்டனுக்கு வரிசையாக ஆல்பம் தயாரித்தவரும் இவரே.

கருவி எட்டு டிராக் டேப். மொத்தச் செலவே 3,000 டாலர்தான் என்று ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜப்பானோடு முடிந்துபோகிற சரக்கு என்று நினைத்ததால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. என் கட்சி என்னவென்றால், இந்த அலட்சியம்தான் ஆல்பத்தைக் காப்பாற்றியது. பெரிய பட்ஜெட், பெரிய எதிர்பார்ப்பு என்றிருந்தால் கட்டாயம் யாராவது கையை வைத்திருப்பார்கள்.

இனி தொழில்நுட்பம். எட்டு டிராக் என்றால் எட்டே எட்டு வரி. டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன், குரல், ரசிகர் சத்தம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மேடையிலோ இவர்கள் போடும் சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. குரலுக்கு வைத்த மைக்கில் டிரம்ஸ் வந்து விழும். டிரம்ஸ் மைக்கில் கிட்டார் வந்து விழும். நாங்கள் இதைக் ‘கசிவு’ என்போம். பாடகர் கில்லன் ஒரு வரியைத் தப்பாகப் பாடிவிட்டார், ஸ்டூடியோவில் சரியாகப் பாடி மாற்றலாம் என்று வையுங்கள். குரல் டிராக்கை அழித்துவிடலாம். ஆனால் டிரம்ஸ் மைக்கில் விழுந்த பழைய குரலை எப்படி அழிப்பது? அது பின்னால் ஆவி மாதிரி நின்று பாடும். ஹெட்ஃபோனில் அரை நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். முடியவே முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் சத்தமான மேடையில் அது லேசான காரியமில்லை. நான் இந்த ஆல்பத்தை எத்தனையோ தடவை ஹெட்ஃபோனில் கேட்டிருக்கிறேன். ஆவி எங்கும் இல்லை.


கேசட்காரன் | சனி காலை 6.30

எட்டுத்தடம் சார், நன்றி. காலையில் எழுந்ததும் ‘சைல்ட் இன் டைம்’ ஹெட்ஃபோனில் கேட்டேன். அமைதியான பகுதியில், லார்ட் ஆர்கனை மெல்லத் தொடும்போது, அந்தப் பெரிய கூட்டம் மூச்சுவிடாமல் இருப்பது தெரிகிறது. இத்தனை வருடத்தில் பாட்டைத்தான் கவனித்தேன், அந்த அமைதியைக் கவனித்ததில்லை.


கொக்குவிலான் | சனி காலை 8.10

ரொறன்ரோவில் இப்ப இரவு, நித்திரை வரவில்லை. நல்ல இழை. அண்ணை, உங்கட ‘டக்’ கதையை வாசித்துச் சிரித்துப்போட்டன்.

ஒரு விசயம் ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஆல்பம் ஒரு இரவுக் கச்சேரி இல்லை. மூன்று இரவிலிருந்து பொறுக்கி எடுத்தது. ‘ஹைவே ஸ்டார்’, ‘சைல்ட் இன் டைம்’, ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’, ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நாலும் 16ஆம் திகதி ஒசாகா. ‘தி மியூல்’, ‘லேஸி’ ரண்டும் டோக்கியோ. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ மட்டும் முதல் இரவு. ஏன் அது மட்டும்? ஸ்டூடியோவில் வாசித்த மாதிரியே கிட்டார் வாசிக்கிற பிளாக்மோர் அந்த ரிஃப்பை (திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் மெட்டு) தொடங்கினது அண்டைக்கு மட்டும்தான். மற்ற இரவுகளில் மனுசன் தன்ர பாட்டுக்கு விளையாடிவிட்டார்.

மேடையில் வாசித்த வரிசையும் இது இல்லை. கச்சேரியில் ‘ஹைவே ஸ்டார்’ முடிய ‘ஸ்மோக்’, அதற்குப் பிறகுதான் ‘சைல்ட் இன் டைம்’. இசைத்தட்டில் இரண்டையும் இடம் மாற்றினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கோ: மேடை வரிசையிலேயே போட்டால் முதல் பக்கம் பதினாலரை நிமிடத்தில் முடிந்துவிடும், இரண்டாம் பக்கம் இருபத்திரண்டு நிமிடத்துக்குக் கிட்ட வரும். மாற்றிப் போட்டதால் பத்தொன்பதும் பதினேழும் ஆகிவிட்டது. முதல் பக்கம் முழுக்க ஒரே இரவு என்றும் ஆகிவிட்டது. வடிவான வேலை.


ஸ்டூடியோகட்சி | சனி காலை 9.25

ஆகா, வந்ததய்யா வழிக்கு! மூன்று ராத்திரி, வரிசை மாற்றம். பிறகு என்ன ‘லைவ்’? இது கல்யாண ஆல்பம் மாதிரி. முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு மூன்றிலும் நன்றாக விழுந்த படங்களை எடுத்து ஒட்டியது.

இன்னொன்றும் சொல்கிறேன். பின்னால் ஸ்டூடியோவில் சேர்த்த மேல்பதிவு எதுவும் இல்லை என்று சொன்ன அதே ஜான் லார்ட், ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாட்டில் கில்லன் வரி மறந்துவிட்டதால், ஒரு வரியை வேறு இரவிலிருந்து எடுத்திருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஒட்டு இருக்கிறதா இல்லையா?


எட்டுத்தடம் | சனி காலை 10.05

இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அம்மா. ஆனால் ஒட்டில் இரண்டு ஜாதி.

ஒன்று, கச்சேரி முடிந்து மாதக்கணக்கில் கழித்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே நூறு தடவை முயன்று ஒரு தடவை சரியாக வந்ததை வைப்பது. இன்னொன்று, நேற்று மேடையில் வியர்த்து வழிய வாசித்ததற்குப் பதில் முந்தாநாள் மேடையில் வியர்த்து வழிய வாசித்ததை வைப்பது. இரண்டும் எனக்கு ஒன்றல்ல. மூன்று நாள் கச்சேரி பதிவு செய்தால் நானும் நல்ல நாளைத்தான் தேர்ந்தெடுப்பேன். நம்மூரில் வரும் கச்சேரிப் பதிவுகளிலேயே சுருதி சேர்ப்பதும் தொண்டை செருமுவதும் வெட்டியெறியப்படுகின்றன. அதை யாரும் மோசடி என்பதில்லையே.

உங்கள் கல்யாண ஆல்பம் உவமை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் மாப்பிள்ளை நிஜ மாப்பிள்ளைதான்.

அப்புறம், நீங்கள் மெச்சிக்கொள்ளும் அந்த ‘மெஷின் ஹெட்’ எந்த ஸ்டூடியோவில் பதிவானது என்று தெரியுமா?


தோல்வாத்தியம் | சனி காலை 10.20

நான் சொல்கிறேன், நான் சொல்கிறேன்!

எந்த ஸ்டூடியோவிலும் இல்லை அக்கா. சுவிட்சர்லாந்து மான்ட்ரோ. 1971 டிசம்பர். அங்கிருந்த சூதாட்ட விடுதி அரங்கில் பதிவு செய்ய ஏற்பாடு. 4ஆம் தேதி அங்கே ஃபிராங்க் ஸப்பா கச்சேரி நடந்தபோது கூட்டத்தில் ஒருவன் தீப்பொறித் துப்பாக்கியால் சுட, கூரை பற்றிக்கொண்டு கட்டடமே எரிந்துபோனது. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ அந்தப் புகையைப் பற்றிய பாட்டுத்தான், ஏரி மேல் படர்ந்த புகை. பிறகு வேறொரு அரங்குக்குப் போய் அந்தப் பாட்டின் வாத்தியப் பகுதியைப் பதிவதற்குள், சத்தம் தாங்க முடியவில்லை என்று போலீஸ் வந்துவிட்டது. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல் நடைபாதையில், மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்து வாசித்தார்கள். வாசலில் நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவு வண்டிக்கு வயர் இழுத்து டேப் ஓட்டியவர் அதே மார்ட்டின் பர்ச்.

ஆக உங்கள் ஸ்டூடியோ கட்சிக்கு ஸ்டூடியோவே இல்லை 😀


ஸ்டூடியோகட்சி | சனி காலை 10.31

தம்பி, அந்தப் பாயின்டை எடுத்துக்கொள். மதியம் வருகிறேன்.


நாலுநரம்பு | சனி பகல் 12.45

வணக்கம், இங்கே புதிது. பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு சந்தேகம். பெரும்பாலான பழைய ராக் பதிவுகளில் பேஸ் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். இதில் மட்டும் ரோஜர் குளோவர் வாசிப்பு ஒவ்வொரு சுரமாகத் தெரிகிறதே, எப்படி? ‘ஹைவே ஸ்டார்’ கற்றுக்கொள்ள இந்த ஆல்பத்தைத்தான் வைத்திருக்கிறேன்.


எட்டுத்தடம் | சனி பகல் 1.10

வாங்க தம்பி. பதில் சுலபம். இங்கிலாந்து திரும்பியதும், எட்டு டிராக்கையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில் உட்கார்ந்தது யார் என்று பாருங்கள்: குளோவரும் டிரம்மர் இயன் பெய்ஸும். கில்லனும் பிளாக்மோரும் அந்தப் பக்கமே பெரிதாக எட்டிப்பார்க்கவில்லை. பந்தியில் பரிமாறுகிறவன் நம்ம சொந்தக்காரன் என்றால் இலையில் என்ன விழும்?

விளையாட்டாகச் சொன்னேன். உண்மையில் அந்த மிக்ஸிங் ரொம்ப நேர்மையானது. ஆர்கன் ஒரு காதில், கிட்டார் மறு காதில், நடுவே மற்ற மூவர். ஒரு காதை மூடிக்கொண்டால் ஒரு வாத்தியம் கிட்டத்தட்டப் போய்விடும். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனைக் கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து வாசித்தவர். அதனால் இரண்டும் ஒரே மாதிரி உறுமும். இடமும் வலமும் பிரித்து வைத்திராவிட்டால், ‘ஸ்மோக்’ கடைசியில் லார்டும் பிளாக்மோரும் மாறி மாறிக் கேட்பதும் சொல்வதும் யார் எது என்று பலருக்குத் தெரிந்திருக்காது.


தோல்வாத்தியம் | சனி பகல் 2.00

‘தி மியூல்’ பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன். நானே பேசுகிறேன்.

சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போவார்கள் இல்லையா? ராக் ரசிகர்களும் அப்படித்தான், டிரம் சோலோ வந்தால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். கேசட்காரன் அண்ணனுக்குக் கடைக்காரரே தாவவைத்துவிட்டார்.

ஆனால் பெய்ஸ் வாசிப்பை ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். ஆள் இடக்கைக்காரர். பலம் காட்டி இடிப்பது கிடையாது, ஸ்னேர் டிரம்மில் உருட்டுகிறார். ஒற்றைக் கையால் எவ்வளவு பொடியாக உருட்ட முடியும் என்று நான் மேஜையில் பென்சில் வைத்து முயன்று பார்த்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். சத்தம் கூடுவதைவிட, சத்தம் இறங்குகிற இடங்கள்தான் அழகு. அத்தனை பேர் உட்கார்ந்த புடோகான் அரங்கில், கேட்கிறவனை முன்னால் சாயவைக்கிற அளவுக்கு மெல்ல வாசிக்கத் தைரியம் வேண்டும்.

ஆல்பம் தொடங்குவதும் அவரால்தான். ‘ஹைவே ஸ்டார்’ ஆரம்பத்தில் ஸ்னேர் சன்னமாகத் தட்டிக்கொண்டே வரும், ஆர்கன் பக்கத்தில் முனகும், பிறகு எல்லாம் சேர்ந்து ஏறும். ரயில் கிளம்புகிற மாதிரி என்று எழுதப் போனேன், எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். எனக்கு இட்லிப் பானை கொதி வருகிற சத்தம்தான் ஞாபகம் வருகிறது. மூடி ஆடத் தொடங்கும் பாருங்கள், அது.


கொக்குவிலான் | சனி பகல் 2.40

இட்லிப் பானை 🙏

புடோகான் பற்றி ஒன்று. மூன்று இரவில் அந்த டோக்கியோ இரவுதான் அருமையாக அமைந்தது என்று குழுவுக்குள் ஒரு நினைப்பு. ஆனால் அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒலி ஒசாகாவைப் போல் துலக்கமாக விழவில்லை. அதனால்தான் அங்கேயிருந்து ரண்டே ரண்டு பாட்டு. ‘லேஸி’ அதில் ஒன்று. லார்ட் ஆர்கனை உறுமவைத்துத் தொடங்கி, பிறகு கில்லன் மவுத் ஆர்கன் எடுக்க, நடுவில் பிளாக்மோர் ஹ்யூகோ ஆல்ஃபேனின் ‘ஸ்வீடிஷ் ராப்சடி’யிலிருந்து ஒரு துண்டைச் செருகிவிட்டுப் போறார். ஒன்றும் நடக்காத மாதிரி.

‘சைல்ட் இன் டைம்’ பற்றியும் ஒரு சின்னக் கதை. அந்த ஆர்கன் மெட்டு இவர்கள் சொந்தமாக உண்டாக்கினது இல்லை. ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்று அமெரிக்காவில் ஒரு குழு. அவர்களுடைய 1969ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் வயலின் மெட்டை வாசித்து விளையாடப் போய் வந்தது. அந்தப் பாட்டின் பெயர் என்ன தெரியுமோ? ‘பாம்பே காலிங்’!


ஸ்டூடியோகட்சி | சனி மாலை 5.15

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தேன். ஒட்டு விஷயத்தில் இறங்கிவருகிறேன், முழுசாக இல்லை. ஆனால் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ விஷயத்தில் ஒரு அடியும் நகரமாட்டேன். மெஷின் ஹெட்டில் நாலரை நிமிடப் பாட்டு. இங்கே இருபது நிமிடம். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு பாட்டே இல்லை, வேடிக்கைதான். கேசட்காரன் சாருடைய கடைக்காரர் நல்ல ரசிகர். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டியிருக்கிறார்.


கேசட்காரன் | சனி இரவு 7.50

அம்மா, அதே கருத்தில்தான் நானும் கொஞ்ச நாள் இருந்தேன். சிடியில் முதல்முறை அந்த இரண்டாம் பாதியைக் கேட்டபோது உண்மையாகவே ஏமாற்றம். இதற்காகவா பன்னிரண்டு வருடம் என்று தோன்றியது. கிர்ர் என்கிறது, கீச் என்கிறது, ஆர்கனை யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி.

பிடிக்க ஆரம்பித்தது பிறகு, ஒரு மின்வெட்டு இரவில். பேட்டரியில் ஓடும் சிடி பிளேயர், ஹெட்ஃபோன், இருட்டு. பாட்டு முடிந்து லார்ட் தனியாகப் போகிறார். அவர் விண்வெளியில் தொலைந்துபோய்விட்டார் என்றே நினைப்போம். திடீரென்று உள்ளே குஸ்தாவ் ஹோல்ஸ்டின் ‘வியாழன்’ மெட்டு தலைகாட்டும். விண்வெளிப் பாட்டில் வியாழன் கிரகம்! அப்புறம் எல்லாம் அடங்கி, பிளாக்மோர் கிட்டாரின் ஒலிக் குமிழைச் சுண்டுவிரலால் திருகித் திருகி, தட்டுகிற சத்தமே தெரியாமல், செல்லோ மாதிரி ஊதவைக்கிறார். அந்த இடத்தில் யாரும் கைதட்டவில்லை. எத்தனை ஆயிரம் பேரோ, சும்மா உட்கார்ந்து கேட்கிறார்கள். எங்கே போகிறோம் என்று மேடையில் இருக்கிறவர்களுக்கும் சரியாகத் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. எனக்கு அது போதும்.

கடைக்காரர் மேல் கோபம் இல்லை. ஆனால் அவர் வெட்டியது தப்பான இடம்.


கொக்குவிலான் | சனி இரவு 8.05

அந்த கிட்டார்ப் பகுதி இவர்களுடைய ‘ஃபூல்ஸ்’ பாட்டில் ஏற்கெனவே வந்தது. கடைசி ஓட்டம் முழுக்க அவர்கள் முன்பு ‘மேன்ட்ரேக் ரூட்’ என்ற பாட்டுக்குப் பின்னால் வாசித்து வந்தது. பாட்டை மாற்றிப்போட்டு வாலை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால், எங்கே போகிறோம் எண்டு தெரியாது எண்டு நீங்கள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் அண்ணை. பாதை பழக்கமான பாதைதான்.


கேசட்காரன் | சனி இரவு 8.12

சரி, ஒப்புக்கொள்கிறேன். பாதை தெரியும், எங்கே நின்று எவ்வளவு நேரம் வேடிக்கை பார்ப்பது என்பது தெரியாது.


நாலுநரம்பு | சனி இரவு 8.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எதைக் கேட்பது? இணையத்தில் ஏழெட்டுப் பதிப்பு இருக்கிறது. தலை சுற்றுகிறது.


எட்டுத்தடம் | சனி இரவு 9.00

முதலில் பழைய மிக்ஸ், 1972இல் வந்தது. அதில் ஊறிய பிறகுதான் மற்றவை. 1993இல் ‘லைவ் இன் ஜப்பான்’ என்று மூன்று சிடியில், கச்சேரி முடிவில் வாசித்த கூடுதல் பாட்டுகளை விட்டுவிட்டு, மூன்று இரவையும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்ப மிக்ஸ் செய்து போட்டார்கள். 1998 பதிப்பில் கடைசியில் வாசித்த ‘பிளாக் நைட்’, ‘ஸ்பீட் கிங்’, ‘லூசில்’ மூன்றும் தனி சிடியாக வரும். 2014இல் மூன்று இரவும் அடங்கிய பெட்டி. 2025இல் ஸ்டீவன் வில்சன் செய்த புது மிக்ஸ். வில்சன் வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கொஞ்சம் புழுதி வேண்டும்.

கேசட்காரன் சார், உங்கள் மருமகனுக்கு அந்த மூன்று இரவுப் பதிப்பைக் கொடுங்கள். ஒட்டு இருக்கிறதா என்று அவனே பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடட்டும். பரீட்சை மாதிரி.


ஸ்டூடியோகட்சி | சனி இரவு 9.20

ஒட்டு தேடுகிறவர்களுக்கு ஒரு துப்பு தருகிறேன். டேப்பில் தேடாதீர்கள், அட்டையைப் பாருங்கள். ‘மேட் இன் ஜப்பான்’ என்று பெரிய எழுத்தில் போட்டு முன்னட்டையில் ஒரு மேடைப் படம் இருக்கிறதே, அது ஜப்பானே இல்லை. லண்டன் ரெயின்போ தியேட்டரில் எடுத்தது. ஜப்பானில் வந்த பதிப்புக்கு அட்டையே வேறு.

ஹா! இந்தப் பாயின்ட் என்னுடையது.


தோல்வாத்தியம் | சனி இரவு 9.34

அக்காவுக்கு ஒரு மாலை போடுங்கள்.

ஆனால் அந்த ரெயின்போ சும்மா ஆள் இல்லை. 117 டெசிபல் அளந்து, மூன்று பேர் மயங்கி விழுந்து, உலகத்திலேயே அதிகச் சத்தம் போடும் குழு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது அதே தியேட்டரில், அதே 1972இல். ஆல்பத்திலேயே கில்லன் மேடையிலிருந்து ஒலிக்காரரைப் பார்த்து, எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று கேட்பாரே. எட்டுத்தடம் சார், உங்களிடம் வித்வான்கள் அப்படிக் கேட்டிருக்கிறார்களா?


எட்டுத்தடம் | சனி இரவு 9.41

தினமும். வாயால் கேட்க மாட்டார்கள். பாடிக்கொண்டே கட்டைவிரலை மேலே மேலே ஆட்டுவார்கள். வயலினும் ஆட்டும், மிருதங்கமும் ஆட்டும்.


கொக்குவிலான் | சனி இரவு 10.15

ஜப்பானுக்கு மட்டும் என்று செய்த சரக்கு, அந்த டிசம்பரிலேயே இங்கிலாந்தில் வந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவில். அங்கே ஆறாம் இடம் வரைக்கும் ஏறியது. இங்கிலாந்தில் பதினாறுதான். ‘ஸ்மோக்’ அமெரிக்காவில் சின்னத் தட்டாக வந்தபோது ஒரு பக்கம் மெஷின் ஹெட் பதிவு, மறு பக்கம் இந்த ஜப்பான் பதிவு.

அதற்குள் வீடு உடைந்துவிட்டது. 1973 ஜூன் 29, அதே ஒசாகாவில் கில்லன் கடைசியாகப் பாடிவிட்டு விலகினார். குளோவரும் போனார். ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாட்டில் பிளாக்மோர் ஒன்று வாசிக்க, கில்லன் அதைக் குரலில் திருப்பிச் சொல்ல, அவர் இன்னும் மேலே போக, இவர் இன்னும் மேலே போக... ஆளுக்கு ஆள் முகம் கொடுத்துக் கதைக்காத காலத்திலும் மேடையில் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கு.


கேசட்காரன் | ஞாயிறு இரவு 8.20

அறிக்கை.

பையன் பதினொரு மணிக்கு வந்தான். எட்டுத்தடம் சார் சொன்னபடி மூன்று இரவையும் அவன் மடிக்கணினியில் ஏற்றி, ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாட்டை வரி வரியாகப் பக்கத்தில் வைத்தான். அரை மணி நேரம் மும்முரமாகத் தேடினான். பிறகு 15ஆம் தேதி இரவை நிறுத்த மறந்துவிட்டான். அப்படியே ‘லேஸி’ வந்தது. அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். “இரும்மா” என்றான். மூன்று இரவிலும் பிளாக்மோர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வாசிக்கவில்லை என்பதுதான் அவனுக்குப் பெரிய ஆச்சரியம். “ஒட்டணும்னாலும் எதோட எதை ஒட்டறது மாமா?” என்றான். ஒட்டைக் கண்டுபிடித்தானா என்றால், இல்லை. தேடுவதை விட்டுவிட்டான்.

அப்புறம் கேட்டானே ஒரு கேள்வி. “அந்த ‘டக்’ கேசட் இருக்கா?” இருக்கிறது, பீரோவில். எடுத்துத் துடைத்துப் போட்டால் டெக் ஓடவில்லை. உள்ளே பெல்ட் இளகி, கையில் தார் மாதிரி ஒட்டுகிறது.

கேசட் டெக்குக்கு பெல்ட் மாற்றித் தருகிற ஆள் சென்னையில் யாராவது இருக்கிறார்களா?


எட்டுத்தடம் | ஞாயிறு இரவு 8.33

என்னிடம் கொண்டு வாருங்கள். பழைய பெல்ட்டை வழித்து எடுக்காதீர்கள், ஸ்பிரிட் போட்டு நான் துடைத்துக்கொள்கிறேன். பையனையும் கூட்டி வாருங்கள்.


ஸ்டூடியோகட்சி | ஞாயிறு இரவு 8.40

ஓடினால் அந்த ‘டக்’கை மட்டும் பதிந்து இங்கே போடுங்கள், சார். நான் கேட்க வேண்டும்.